இடுப்பு உயரத்தில் ஒரு ரிப்பன்

அன்று முற்பகல் புதுக் கட்டடத்தின் தரைத்தளத் தாழ்வாரத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் ஆளாளுக்கு நானும் இருந்தேன் என்று கிளம்பிவிடுகிறார்கள். உறுப்பு மாற்று அறுவைத் திட்டத்தின் இயக்குநர் டாக்டர் ராகவேந்திரன் இருந்தார். மருத்துவக் கல்லூரியின் முதல்வர் டாக்டர் அனிமேஷ் தாலுக்தார் இருந்தார். வரவேற்புக் குழுச் செயலாளர் சைதன்யா பால் இருந்தார். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் மதுவந்தி, காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக இருந்தாள். கரக்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் பூங்கோதை, நோயாளி என்ற முறையில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இருந்தாள். அவள் கணவன் அர்ஜுனன் தலைமாட்டில் நின்றிருந்தான். ராகவேந்திரனின் பெரியப்பா வெங்கட்ராமன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, முதல் வரிசை நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சற்றுப் பிந்தி ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்த டெக்னீஷியன் ராஜ்மோகனையும் சேர்த்துக்கொள்ளலாம். பாடுகிறவர்கள், டாக் என்ற வங்காள மேளம் அடிக்கிறவர்கள், சங்கு ஊத அழைக்கப்பட்ட நர்ஸுகள் ஆகியோர் கும்பலாக இருந்தார்கள்.

சிறப்பு விருந்தினரின் பெயர் இதில் இல்லை. அவர் அப்போது அங்கே இல்லை. இல்லாதவர் பெயரை இருந்தவர்களோடு சேர்த்து எழுதுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். நல்ல குடும்பங்களில் அப்படிச் செய்வதில்லை.

இவர்கள் தவிர, ஒரு ரிப்பனும் இருந்தது. எல்லாம் அதனால் வந்ததுதான்.

ராகவேந்திரன் பிறந்த குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவருடைய கொள்ளுத்தாத்தா போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர். அந்தக் கம்பெனி துரையின் அறைக்கு வாசல் தாழ்வு. வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டியது. உள்ளே வருகிற எவனும் தலையைக் குனிந்துதான் வரவேண்டும். கொள்ளுத்தாத்தா குனியவில்லை. வாசலுக்கு வெளியே நிமிர்ந்து நின்றபடியே குறிப்பெடுத்தார். துரை உள்ளேயிருந்து உரக்கக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. கம்பெனியின் ரகசியங்கள் எல்லாம் ஆபீஸ் முழுக்கக் கேட்டன. கடைசியில் துரையே தச்சனைக் கூப்பிட்டு வாசலை உயர்த்தினார். இது உண்மையா என்று கேட்பவர்களை வெங்கட்ராமன் மறுபடி வீட்டுக்கு அழைப்பதில்லை.

லேக் மார்க்கெட் அருகே இருக்கும் அவர்கள் வீட்டில் குளியலறை உள்பட எல்லா நிலைகளும் உயரமானவை. கதவுக்கு மேலே வௌவால் குடியிருந்தாலும் பரவாயில்லை, குனிந்து போகக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த வீட்டில் வளர்ந்த ராகவேந்திரனுக்கும் ஆறடிக்கு மேல் உயரம். அறுவை செய்யும்போதுகூட மேஜையை உயர்த்திவைத்துக்கொள்வார். உதவி டாக்டர்கள் முக்காலி போட்டு ஏறி நிற்பார்கள்.

தெற்கே பல வருஷம் சிறுநீரக மாற்று அறுவை செய்து பெயர் வாங்கியவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தது கல்லூரிதான். வந்த அன்றே ஒரு பாராட்டு விழா. அங்கே யாருக்கு உத்தரீயம் போர்த்தினாலும் போர்த்திக்கொள்பவர் முதல்வர் முன் தலையைத் தாழ்த்துவது வழக்கம். தாலுக்தார் குள்ளமானவர். ராகவேந்திரன் தூண் மாதிரி நின்றார். முதல்வர் முதலில் எக்கிப் பார்த்தார். பிறகு வலை வீசுகிற மாதிரி வீசிப் பார்த்தார். உத்தரீயம் ஒரு தோளில் தொங்கிவிட்டுக் கீழே விழுந்தது. கடைசியில் சைதன்யா ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கல்லூரியின் முதல்வர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு இயக்குநருக்கு உத்தரீயம் போர்த்திய படம் எங்கோ இருக்கிறது. கல்லூரி மலரில் அது வரவில்லை.

மறுநாள் ராகவேந்திரன் தன் திட்டத்தைப் பார்வையிட்டார். திட்டத்துக்கு ஒரு சின்னம் இருந்தது. இரண்டு கைகள் ஒரு சிறுநீரகத்தை ஏந்தியிருக்கும் படம். பார்த்தவர்கள் முந்திரிப்பருப்பு வாரியம் என்று நினைத்தார்கள். திட்டத்துக்கு ஒரு பாட்டு இருந்தது. உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர் எழுதி அவரே ஹார்மோனியத்தில் மெட்டுப் போட்டது. ஆலோசனைக் குழு, அதற்கு ஒரு துணைக்குழு, துணைக்குழுவுக்குத் தேநீர் ஏற்பாடு செய்ய ஒரு குழு, எல்லாம் இருந்தன.

"எத்தனை நோயாளிகள் காத்திருக்காங்க, சார்?" என்று வங்காள மொழியில் கேட்டார் ராகவேந்திரன்.

"நோயாளிகள் எங்கே போய்விடப் போகிறார்கள், டாக்டர் ராகவ்" என்றார் தாலுக்தார்.

"போயிடறாங்க, சார். அதுதான் பிரச்சினை."

தாலுக்தார் அவரைப் பரிவோடு பார்த்தார். "ஒருவரிடமிருந்து சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைப்பதை எந்தத் தனியார் மருத்துவமனையும் செய்துவிடும். நாம் ஒரு கல்விக்கூடம். நமக்கு முதலில் ஒரு பாரம்பரியம் வேண்டும். பாரம்பரியம் அமைந்துவிட்டால் அறுவை தானாக வரும்."

பாரம்பரியம் வேகமாகத்தான் அமைந்தது. திட்டத்தின் முதலாண்டு விழா விமரிசையாக நடந்தது. தாலுக்தார் அன்று ஆற்றிய உரையை ராகவேந்திரனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"நண்பர்களே, மற்ற ஊர்களில் உறுப்பு மாற்றுத் திட்டங்கள் தொடங்கிய முதல் ஆண்டில் எத்தனை உயிர்கள் போயின என்பது உங்களுக்குத் தெரியும். நம் திட்டத்தில் இந்த ஓராண்டில் அறுவைக்குப் பின் ஒரு நோயாளிகூட இறக்கவில்லை. ஒரு தொற்று இல்லை. ஒரு புகார் இல்லை. இந்தப் பெருமைக்கு உரியவர் இயக்குநர் டாக்டர் ராகவ்."

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. ராகவேந்திரனுக்கு மறுபடி உத்தரீயம் போர்த்தினார்கள். இம்முறை ஸ்டூல் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது.

அறுவை நடக்காததற்குக் காரணம் ரிப்பன். ஆபரேஷன் தியேட்டர் எப்போதோ தயாராகிவிட்டது. விளக்குகள், மேஜை, கருவிகள் எல்லாம் பளபளவென்று காத்திருந்தன. அறுவைக்கான அரசு உரிமமும் வந்துவிட்டது, அந்த ஒரு தியேட்டருக்கு மட்டும். ஆனால் அந்தக் கல்லூரியில் திறந்துவைக்கப்படாத எதையும் பயன்படுத்தக்கூடாது. பழைய கட்டடத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. திறந்துவைக்க வேண்டியவர் பதவி இழந்துவிட்டதால் அது அப்படியே நிற்கிறது. நோயாளிகள் அதன் பக்கத்துப் படிகளில் மூச்சு வாங்க ஏறும்போது லிஃப்ட்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று அவர்களை வழியனுப்பிவைப்பார். முதல்வரின் குளியலறை மட்டும் இரண்டு முறை திறந்துவைக்கப்பட்டது, முதல் தடவை மழையாக இருந்ததால்.

தியேட்டர் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. சிறப்பு விருந்தினராக ஒப்புக்கொண்டவர் சுகாதாரத் துறையில் ஏதோ ஒரு வாரியத்தின் தலைவர். அவருக்குத் துர்கா பூஜைப் பந்தல்கள் திறக்க வேண்டியிருந்தது. அப்புறம் காளி பூஜைப் பந்தல்கள் வந்தன. அப்புறம் கண்காட்சிகள், கால்பந்துப் போட்டிகள், ஒரு மீன் திருவிழா. ரிப்பன் காத்திருந்தது. சைதன்யா அதைப் பழுப்பேற விடாமல் அவ்வப்போது அவிழ்த்துத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து மறுபடி கட்டினார். மற்றபடி யாரும் அதைத் தொடக்கூடாது. விருந்தினரின் கைதான் அதன்மேல் முதலில் பட வேண்டும் என்பார் சைதன்யா. சலவைக்காரரின் கையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பூங்கோதை கரக்பூரிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து டயாலிசிஸுக்கு வருவாள். முடிந்ததும் அந்த ரிப்பனுக்கு எதிரே இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போவாள். அர்ஜுனன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பான். அவன் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். ரத்த வகை ஒத்துவரவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே ஜாதகத்தோட இதையும் பாத்திருக்கணும்" என்பாள் பூங்கோதை.

ஒருநாள் ராகவேந்திரன் அந்தப் பக்கம் வந்தபோது அவள் கேட்டாள். "டாக்டர் சார், நானும் கவுன்ட்டர்ல உக்காந்து ஜனங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் குடுத்தவதான். திட்டுவாங்க. ஆனா எங்க வண்டியாவது ஓடும் சார். உங்களுது பிளாட்ஃபாரத்துலயே மாலை போட்டு நிக்குது."

"நீங்க சொல்றது சரிதான்" என்று ராகவேந்திரன் ஒப்புக்கொண்டார். அவருடைய குடும்பத்தில் அது அபூர்வம்.

கடைசியில் திறப்பு விழா நாள் நிச்சயமாயிற்று. அன்று விடியற்காலையிலேயே மதுவந்தியின் போன் வந்தது. ஜாதவ்பூரில் படித்து வளர்ந்த தமிழ்ப் பெண். பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் பாதி வழியில் இறங்கிப் போய்விடும்.

"ஸார், பைபாஸ் ஆஸ்பத்திரியில ஒரு டோனர். ஃபேமிலி ஷொம்மதி கொடுத்தாச்சு. ஒரு கிட்னி நமக்கு அலாட் ஆகியிருக்கு. பூங்கோதை தீதிக்கு மேட்ச் ஆகறது ஸார். போலீஸ் கிரீன் காரிடார் போட்டுத் தரேன்னு சொல்லிட்டா."

கிரீன் காரிடார் என்றால் உறுப்பு வருகிற பாதை முழுக்க மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு ஆம்புலன்ஸை மட்டும் விடுவது. ராகவேந்திரன் சட்டையைக்கூடச் சரியாகப் பொத்தானிடாமல் முதல்வரிடம் ஓடினார். தாலுக்தார் மகிழ்ந்து போனார்.

"அற்புதம். விருந்தினர் ரிப்பனை வெட்டுகிறார். சிறுநீரகம் உள்ளே நுழைகிறது. படம் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்."

"சார், அவர் பதினோரு மணிக்கு வந்துடுவாரா?"

"சிறப்பு விருந்தினர் எப்போது வருகிறாரோ அதுதான் பதினோரு மணி" என்றார் தாலுக்தார்.

பதினோரு மணி வந்தது, கடிகாரத்தில் மட்டும். நாற்காலிகள் நிரம்பின. பூங்கோதையை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் பச்சைத் துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். சைதன்யா அவளையும் வரவேற்புக் குழு என்று நினைத்து ஒரு ரோஜாப்பூ கொடுத்துவிட்டுப் போனார். வெங்கட்ராமன், அலிப்பூரிலிருந்த சிநேகிதர் ஒருவரின் காரை வரவழைத்து, பட்டுக்கரை வேட்டி கட்டி வந்திருந்தார்.

"ஏண்டா ராகவா, அந்த ரிப்பன் என்ன, வேஷ்டி காயப்போடற கொடிகூட அதைவிட உசரமா இருக்குமே."

"விருந்தாளிக்குத் தோள்வலியாம், பெரியப்பா. கை மேலே எழும்பாதாம். அதுக்காக இடுப்பு உசரத்துல கட்டியிருக்கா."

"கை எழும்பாதவனை எதுக்குடா திறக்கக் கூப்பிடறா? வாயால கடிச்சா போறும்னா?"

"மெதுவாப் பேசுங்கோ. பக்கத்துல இருக்கறவருக்குத் தமிழ் தெரியும்."

"தெரிஞ்சா நல்லதுதான்" என்றார் வெங்கட்ராமன், நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

ராகவேந்திரன் பூங்கோதையின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். அப்போதுதான் அது நடந்தது.

தூரத்தில் சைரன் கேட்டது. சைதன்யா பாலுக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த வாழ்நாளில் சைரனும் போலீஸ் மோட்டார் சைக்கிளும் முன்னால் வர, பின்னால் பெரிய மனிதர் வராமல் அவர் பார்த்ததில்லை. கையை உயர்த்தினார். டாக் முழங்கியது. சங்கு ஊதப்பட்டது. நர்ஸுகள் குலவையிட்டார்கள். ஆம்புலன்ஸ் போர்டிகோவில் வந்து நின்றது. பெரியவர் ஆம்புலன்ஸில் வருகிறாரே, திட்டத்துக்கு ஏற்ற எளிமை என்று சைதன்யாவுக்குக் கண் கலங்கியதாம். ராஜ்மோகன் கையில் ஐஸ் பெட்டியோடு இறங்கினான். இறங்கிய காலில் பூ கொட்டினார்கள். நெற்றியில் சந்தனம் வைத்தார்கள்.

"தாதா, இது கிட்னி" என்றான் ராஜ்மோகன். டாக் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அவன் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததால் பூச்செண்டைப் பெட்டியின் மேலேயே வைத்தார்கள். விருந்தினரின் சாமானை அவருடைய ஆள் சுமந்து வருகிறான், அவர் பின்னால் வருவார் என்று சிலர் நினைத்தார்கள். இவனே விருந்தினர் என்று சிலர் நினைத்தார்கள். கூட்டம் இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றியது. நடு நாற்காலியில் பெட்டி அமர்ந்தது. பாட்டு தொடங்கியது.

ராகவேந்திரன் வெளியே வந்து பார்த்தபோது பெட்டிக்கு முன்னால் திட்டப் பாட்டின் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னேறப் பார்த்தார். பாடகர் குழுவில் ஒரு அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து, பாட்டு முடியும்வரை யாரும் நகரக்கூடாது என்று கண்ணால் அதட்டினார். பாட்டு முடிந்ததும் தாலுக்தார் எழுந்தார். வாசிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டால் அவருக்குக் கைக்கு எட்டாதது எதுவும் தெரியாது. நடு நாற்காலியில் ஏதோ சதுரமாக, கம்பீரமாக இருப்பது மட்டும் தெரிந்தது. விருந்தினரும் அப்படித்தான் இருப்பார். சைதன்யா நீட்டிய உத்தரீயத்தை வாங்கி அதன்மேல் போர்த்தினார். இம்முறை ஸ்டூல் இல்லாமல் போர்த்த முடிந்ததில் அவர் முகம் மலர்ந்தது.

"பெருமதிப்பிற்குரியவரே" என்று படிக்க ஆரம்பித்தார். "எத்தனையோ பேர் தங்களுக்காகக் காத்திருக்க, தாங்கள் எங்களைத் தேர்ந்தெடுத்து வந்தீர்கள். தங்கள் நேரம் எவ்வளவு அருமையானது என்பதை நாங்கள் அறிவோம். ஒவ்வொரு நிமிஷமும் பொன்னானது. ஆகவே நான் சுருக்கமாகவே பேசுவேன். தாங்கள் எங்களுடைய ஒரு அங்கமாக ஆகிவிட வேண்டும். நெடுங்காலம் எங்களோடு இருந்து, இடையறாது செயல்பட வேண்டும். இந்த நிறுவனத்திலிருந்து எந்த எதிர்ப்பும் தங்களுக்கு வராது என்று உறுதி கூறுகிறேன்."

ஒரு சிறுநீரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பை எந்த ஊரிலும் யாரும் கொடுத்திருக்க முடியாது. மதுவந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த பூங்கோதை, "என் கிட்னிக்கு நடக்கற மரியாதைல பாதிகூட என் கல்யாணத்துல நடக்கல" என்றாள். அர்ஜுனன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சைதன்யாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். நின்ற இடத்தில் அவருக்கு நிறம் மாறியது.

"கரியாஹாட் முக்கிலா ஸ்யார் இருக்கிறீர்கள்... ஆமாம் ஸ்யார்... யாரோ வி.ஐ.பி.க்காக நிறுத்திவிட்டார்களா... தங்களைவிடப் பெரியவர் யார் ஸ்யார் இருக்க முடியும்..."

பேசிக்கொண்டே மேடையைப் பார்த்தார். உத்தரீயம் போர்த்திய பெட்டியைப் பார்த்தார். போனை மெல்லக் கையால் பொத்தினார்.

ராகவேந்திரன் அதற்குள் மேடையேறிப் பெட்டியைக் கைப்பற்றியிருந்தார். அவர் சொன்ன பிறகுதான் தாலுக்தார் கண்ணாடியைக் கழற்றினார். நிலைமை விளங்க அவருக்கு நேரமாகவில்லை. நிலைமையைப் பற்றி அவர் வருந்தியதும் வேறு விஷயத்துக்காக.

"ஒரே ஒரு உத்தரீயம்தான் வாங்கியிருந்தோம்" என்றார்.

"சார், கதவைத் திறக்கச் சொல்லுங்க. நோயாளி தயார். கிட்னி வந்தாச்சு."

"விருந்தினர் வரவில்லையே."

"கிட்னிக்காக நிறுத்தின டிராஃபிக்ல அவர் மாட்டிண்டிருக்கார், சார். எப்ப வருவாரோ தெரியாது."

"அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று தாலுக்தார் பதறினார். "நம் மருத்துவமனையே அவரை வழியில் நிறுத்தியது என்றாகிவிடும்."

மதுவந்தி இரண்டு போனில் ஒன்றை நீட்டினாள். உறுப்புகளை ஒதுக்குகிற அலுவலகம். "ஸார், பேஷண்ட் டேபிள் மேல ஏறியாச்சான்னு கேக்கறா. வயசான டோனர், கிட்னி ரொம்ப நேரம் தாங்காதுன்றா. இன்னும் அரை மணியில நாம ஆரம்பிக்கலேன்னா அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடுவாளாம். அவா வண்டி அனுப்பத் தயாரா இருக்கா."

அர்ஜுனன் கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தான். அதை உரிப்பதா பையில் போடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தாலுக்தார் அவசரக் கூட்டம் கூட்டினார். ரிப்பன் முன்னாலேயே, நின்றபடி. ரிப்பனை அவிழ்த்துவிட்டு, பிறகு கட்டலாமே என்றார் ஒருவர். அவிழ்த்தால் முதலில் கட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டதாகும் என்றார் இன்னொருவர். முதல்வரே வெட்டலாமே என்றார் மூன்றாமவர். "திறப்பு விழாக் கல்லில் விருந்தினர் பெயரைச் செதுக்கியாகிவிட்டது" என்றார் சைதன்யா. வரவேற்பும் உத்தரீயமும் பெட்டிக்கு ஆகிவிட்டபடியால் முறைப்படி பெட்டிதானே சிறப்பு விருந்தினர், அதை வைத்தே திறந்துவிடலாமா என்று சட்ட ஆலோசகர் கேட்டார். கொஞ்ச நேரம் அதை எல்லோரும் ஆழமாக யோசித்தார்கள். கல்லில் பெயர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அது கைவிடப்பட்டது.

"யாராவது ரிப்பனைத் தூக்கிப் பிடிங்க. நாங்க போயிடறோம்" என்றார் ராகவேந்திரன்.

"தொடக்கூடாது" என்று சைதன்யா கையை விரித்து நின்றார்.

"டாக்டர் ராகவ்" என்றார் தாலுக்தார், கனிவாக. "புரிந்துகொள்ளுங்கள். திறந்துவைக்கப்படாத தியேட்டர் என்று ஒன்று இல்லை. இல்லாத தியேட்டரில் எப்படி அறுவை செய்வீர்கள்? ஒரு சிறுநீரகம் போனால் இன்னொன்று வரும். ஒரு விருந்தினர் கோபித்துக்கொண்டு போனால் அவர் வரவே மாட்டார்."

ராகவேந்திரன் ரிப்பனைப் பார்த்தார். மிடுக்காக, கஞ்சி போட்டு, இடுப்பு உயரத்தில் நின்றது. வெட்டலாம், காத்திருக்கலாம். அந்தக் கல்லூரியில் இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும் தோன்றவில்லை. கொள்ளுத்தாத்தாவைப்போல வெளியே நின்று வேலையைச் செய்துவிடலாம் என்றால், இது குறிப்பெடுக்கிற வேலை இல்லை.

"டாக்டர் சார்."

ஸ்ட்ரெச்சரிலிருந்து பூங்கோதை கூப்பிட்டாள். சைதன்யா கொடுத்த ரோஜாப்பூ அவள் வயிற்றின் மேல் இருந்தது.

"நான் படுத்திருக்கேன் சார். என்னைத் தள்ளினா ரிப்பனுக்குக் கீழ சும்மா போயிடுவேன். எனக்கு அது ஒரு தடையும் இல்ல. நிமிந்து நிக்கறவங்களுக்குத்தான் அது."

ராகவேந்திரன் அவளைப் பார்த்தார். பிறகு முதல் வரிசையைப் பார்த்தார். பெரியப்பா எழுந்து நின்றிருந்தார், கைத்தடியைக்கூட ஊன்றாமல். இருவர் கண்ணும் சந்தித்தன. தலைமுறை தலைமுறையாக உயர்த்தி உயர்த்திக் கட்டிய நிலைகள் எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் வரிசையாக வந்து நின்ற மாதிரி இருந்தது.

"என்னடா பார்க்கறே?" என்றார் வெங்கட்ராமன்.

"ஒண்ணுமில்லை, பெரியப்பா."

"அப்போ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வெங்கட்ராமன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே கல்லூரியின் முதல்வர்கள் வரிசையாகப் படத்தில் இருந்தார்கள். அவர் ஒவ்வொருவராக, மிகுந்த கவனத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

ராகவேந்திரன் குனிந்தார். பழக்கமில்லாததால் அவருக்கு எங்கே மடிவது என்று தெரியவில்லை. முதலில் கழுத்தை மட்டும் தாழ்த்தினார், போதவில்லை. தோளைத் தாழ்த்தினார். கடைசியில் இடுப்பில் மடிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒட்டகம் உட்காருகிற மாதிரி இரண்டு தவணையில் ரிப்பனுக்குக் கீழே போய் அந்தப் பக்கம் எழுந்து நின்றார். ரிப்பன் அசையவில்லை. பூங்கோதையின் ஸ்ட்ரெச்சர் அவள் சொன்னபடி சும்மா போயிற்று. மயக்க மருந்து டாக்டர், நர்ஸுகள், பெட்டியோடு ராஜ்மோகன் எல்லோரும் தொடர்ந்தார்கள். ராஜ்மோகன் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. மதுவந்தி கடைசியில் இரண்டு போனையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு நுழைந்தாள்.

"டாக்டர் ராகவ், நீங்கள் திறந்துவிட்டீர்கள்" என்றார் தாலுக்தார்.

"இல்லை சார். பாருங்க. ரிப்பன் அப்படியேதான் இருக்கு. நான் எதையும் திறக்கலை."

தாலுக்தார் ரிப்பனைப் பார்த்தார். சைதன்யா கிட்டே போய் இரண்டு முனையையும் சோதித்தார். முடிச்சு கலையவில்லை, கஞ்சி குலையவில்லை. இருவர் முகத்திலும் அமைதி திரும்பியது. விதி எதுவும் மீறப்படவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, கதவு மூடியது. வெளியே ரிப்பனுக்குக் காவலாக ஒரு செக்யூரிட்டி ஆளை நிறுத்தினார்கள், உள்ளேயிருந்து யாராவது வந்து அதைத் தொட்டுவிடாமல்.

விருந்தினர் பிற்பகலில் வந்தார். வழியெல்லாம் தன்னைவிடப் பெரியவர் யார் என்று விசாரித்துக்கொண்டே வந்தாராம், யாரும் சொல்லவில்லை. பெட்டியின் மேலிருந்த உத்தரீயத்தையே எடுத்து அவருக்குப் போர்த்தினார்கள். ஐஸ் பெட்டியோடு இருந்ததால் அது சில்லென்று ஈரமாக இருந்தது. அவர் தும்மினார். பாட்டு மறுபடி பாடப்பட்டது, தாலுக்தார் அதே உரையை மறுபடி படித்தார். இரண்டாம் முறை அது அவ்வளவு பொருத்தமாக இல்லை. விருந்தினர் தோள் வலிக்காமல் ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார்.

"இன்றிலிருந்து இந்தக் கதவுக்குப் பின்னால் அறுவைகள் நடக்கும். அது என் கையால் தொடங்குகிறது. நாளையே ஒரு நோயாளி வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். அவசரமில்லை. கதவு திறந்துவிட்டது, அதுதான் முக்கியம்."

மூடியிருந்த கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே ராகவேந்திரன் ரத்தக்குழாயின் பிடியைத் தளர்த்தினார். வெளிறிக் கிடந்த சிறுநீரகம் மெல்ல இளஞ்சிவப்பானது. கொஞ்ச நேரத்தில் முதல் சொட்டு வந்தது. வெளியே கேட்ட கைதட்டலும் இதுவும் ஒரே சமயத்தில் என்று மதுவந்தி சொல்கிறாள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். முக்காலி மேல் நின்றிருந்த உதவி டாக்டர் அழுதுவிட்டார்.

ராகவேந்திரன் வெளியே வந்தபோது ரிப்பன் இல்லை. நாற்காலிகளைச் சுமந்துகொண்டு போய்விட்டிருந்தார்கள். இனிப்புப் பொட்டலங்களின் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. அர்ஜுனன் ஓடி வந்தான். ராகவேந்திரன் அவன் தோளைத் தட்டினார். அவன் உரித்த ஆரஞ்சை அப்படியே அவர் கையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வெங்கட்ராமன் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சாடா?"

"ஆச்சு, பெரியப்பா. நன்னா வேலை செய்யறது."

"நல்லது."

"நீங்க சாப்பிடலையா இன்னும்?"

"அவா கொடுத்த சிங்காரா சமோசாவுல ஒண்ணு சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது."

ராகவேந்திரன் கொஞ்சம் தயங்கினார். "பெரியப்பா, நான் உள்ளே போனதைப் பார்த்தேளா?"

"நான் அந்தப் படங்களைப் பார்த்துண்டிருந்தேன். பதினாலு முதல்வர். ஒருத்தனுக்காவது கழுத்து நேரா இல்லை" என்றார் வெங்கட்ராமன். பிறகு எழுந்து, சொந்தப் பிள்ளைக்குச் சமானமாக வளர்த்த தம்பி மகனின் முழங்கையில் ஒட்டியிருந்த தரைத்தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார். "வா. கார் காத்துண்டிருக்கு."

அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் பல அறுவைகள் நடந்துவிட்டன. பூங்கோதை கரக்பூர் கவுன்ட்டருக்குத் திரும்பி, வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் கேட்பவர்களிடம் மற்றவர்களைவிடச் சற்று மரியாதையாகப் பேசுகிறாள் என்று கேள்வி. கல்லூரி மலரில், விருந்தினர் ரிப்பனை வெட்டிய சுப வேளையில் முதல் அறுவை தொடங்கியது என்று அச்சாகியிருக்கிறது. அவர்கள் பாரம்பரியம் அப்படி, விட்டுவிடலாம்.

ஆனால் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வேறொரு பேச்சு உலவுகிறது. ராகவேந்திரன் முதல்வரின் கண்ணெதிரே அறுவைக் கத்தியை எடுத்து ஒரே வீச்சில் ரிப்பனை வெட்டி எறிந்துவிட்டு, தலை நிமிர்ந்து உள்ளே நடந்தார் என்று. அந்தப் பேச்சு எந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது என்பதும் தெரிந்ததுதான். அது தவறு. கத்தி எடுக்கப்படவில்லை. ராகவேந்திரன் குனிந்துதான் போனார்.